தூத்துக்குடியிலிருந்து தொண்டி வரை: நாலு நாள் போதுமா?

தம்பி, நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி ஒரு வருடம். தைப் பொங்கல் கழிந்து நாலு நாள் லீவு. கோவையிலிருந்து சொந்தக் காரில் வந்து, தூத்துக்குடியில் உறவினர் வீட்டில் தலைகாட்டிவிட்டு, ராமநாதபுரம் கடற்கரை ஓரமாகவே தொண்டி வரை போய், காரைக்குடி வழியாக ஊர் திரும்ப வேண்டும். ராமேஸ்வரத்தை விட்டால் வேறு என்ன இருக்கிறது, எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று கேட்கிறீர்கள். ஆனால் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "அவளுக்குப் பழைய கட்டடம், சரித்திரம் என்றால் சாப்பாடே வேண்டாம், எனக்குக் கடல் மட்டும் போதும், வீட்டில் ராமேஸ்வரம் கோயிலில் 22 தீர்த்தமும் ஆடிவிட்டு வரச் சொல்கிறார்கள்." உங்கள் கேள்வி முழுக்க அந்த வரியில்தான் இருக்கிறது. ஒருவர் ஆசைக்காக மற்றவர் காரில் உட்கார்ந்து கொட்டாவி விடாமல் நாலு நாளை எப்படிக் கழிப்பது என்பதுதான் நீங்கள் கேட்பது. அதற்கு இந்தக் கரையைப் போலத் தோதான இடம் தமிழ்நாட்டில் குறைவு.

நான் 31 வருடம் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்தினேன். சாயல்குடி, கீழக்கரை, தொண்டி என்று மாற்றலாகி மாற்றலாகி இந்தக் கரை முழுக்கக் குடியிருந்தாயிற்று. கடைசிப் பத்து வருடம் ராமநாதபுரம். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் என் வீட்டுக்காரரும் முதலில் ஸ்கூட்டரிலும் பிறகு காரிலும் சுற்றாத ஊர் இல்லை. வண்டி ஓட்டுவது அவர்; சாலையைப் பற்றி நான் சொல்வதெல்லாம் அவர் சொல்லிக் கேட்டது. கடலுக்குள் முக்குளித்துப் பார்த்தவள் இல்லை, எனவே பவளப்பாறை பற்றி என்னிடம் கேட்காதீர்கள். விடுதிகளின் பெயரும் வாடகையும் சொல்ல மாட்டேன். அவை வருடத்துக்கு வருடம் மாறுகிறவை.

உங்களுக்கு முதலில் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே இருப்பது ஒரு கடல் என்று நினைத்து வருகிறவர்கள்தான் ஏமாந்து போகிறார்கள். மண்டபமும் பாம்பன் தீவும் நீட்டிய கை மாதிரிக் கிழக்கே போகின்றன. கைக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. வடகடலில் ஆழம் பெரும்பாலும் 15 மீட்டருக்குள்தான். தென்கடல் போகப் போக ஆயிரம் மீட்டரைத் தாண்டும். தீவுக்காரர்கள் வடக்கே இருப்பதைப் பெண்கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். பெயரை வைத்துக்கொண்டு பெண்கடல் எப்போதும் சாது என்று எண்ணிவிடக் கூடாது. ஐப்பசி முதல் தை வரை வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கும்போது வடகடல் கலங்கிச் சேறாகக் கிடக்கும். தீவின் மறைவில் இருக்கும் தென்கடல் கண்ணாடி மாதிரி இருக்கும். வைகாசியிலிருந்து கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கத் தொடங்கியதும் எல்லாம் தலைகீழ்: தென்கடல் பொங்கும், வடகடல் குளமாகிவிடும். நீங்கள் தையில் வருகிறீர்கள். ஆகவே உங்கள் கடல் தெற்குக் கடல். முதல் மூன்று நாளை அதற்குக் கொடுங்கள். வடகரையைக் கடைசி நாளுக்கு வைத்தால் போதும்.

உங்கள் மனைவிக்கு ஒரு பெயரைத் தருகிறேன்: கிழவன் சேதுபதி. ரகுநாத சேதுபதி என்பது முழுப்பெயர். சேதுபதி என்பது ராமநாதபுரம் சீமை அரசர்களின் பட்டம். 1671 முதல் 1710 வரை ஆண்டவர் இவர். போகலூரில் இருந்த தலைநகரை ராமநாதபுரத்துக்குக் கொண்டுவந்தவர். நீங்கள் போகிற வழியில் கீழக்கரை, ராமநாதபுரம், ஓரியூர் ஆகிய மூன்று ஊரிலும் இவர் வருவார். ஒரு ஊரில் நண்பராக, ஒரு ஊரில் அரசராக, ஒரு ஊரில் கொலைத் தண்டனை விதித்தவராக. துண்டு துண்டாக இடம் பார்ப்பதைவிட ஒரு மனிதரைத் தொடர்ந்து போனால் சரித்திரம் மனதில் நிற்கும். பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தி நான் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

முதல் நாள் தூத்துக்குடியிலிருந்து காலை ஆறு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுங்கள். ராமநாதபுரம் 120, 130 கிலோமீட்டர்தான், ஆனால் நாள் முழுக்க எடுத்துக்கொள்ளுங்கள். வேம்பாரைத் தாண்டி நரிப்பையூரில் நம் மாவட்டம் தொடங்கும். அங்கிருந்து சாயல்குடி வரை இரு பக்கமும் பனை. தையில் பதநீர் கிடைக்காது, இறக்கும் காலம் மாசி, பங்குனிக்கு மேல்தான். சாயல்குடியில் கருப்பட்டி வாங்கலாம். உடைத்துப் பார்த்து வாங்குங்கள். உள்ளேயும் வெளியேயும் ஒரே நிறமாகப் பளபளவென்று இருந்தால் சர்க்கரை கலந்திருக்க வாய்ப்பு உண்டு என்று அந்த ஊர்ப் பெண்கள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். மழை நன்றாகப் பெய்த வருடமானால் பக்கத்தில் மேலச்செல்வனூர், கீழச்செல்வனூர் கண்மாய்களில் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் நிறைந்திருக்கும். கண்மாயில் தண்ணீர் இல்லாவிட்டால் பறவையும் இல்லை. டீக்கடையில் கேட்டுவிட்டுப் போங்கள்.

வாலிநோக்கம் விலக்கில் வலப்பக்கம் திரும்பிக் கடலுக்குப் போங்கள். உப்பளங்களின் நடுவே போகும் சாலை. மன்னார் வளைகுடாவை முதன்முதலாக அருகில் பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. எதிரே இருக்கும் தீவுகளெல்லாம் 1986-இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவில் சேர்ந்தவை. மொத்தம் 21 தீவுகள் என்று பாடப்புத்தகத்தில் இருக்கும். அவற்றில் இரண்டு நீருக்குள் போய்விட்டன. தீவுகளைச் சுற்றி இருந்த பவளப்பாறையை வெட்டி எடுத்துச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் கொண்டுபோன காலம் ஒன்று இருந்தது. அலையைத் தடுத்த பாறை போன பிறகு தீவு நிற்கவில்லை. யாராவது 'தீவுக்குக் கூட்டிப் போகிறேன்' என்று படகு காட்டினால், வனத்துறை அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் ஏறாதீர்கள். சங்குக் கடைகளில் பவளத்துண்டு கொடுத்தாலும் வாங்காதீர்கள், சட்டப்படி குற்றம்.

மதியம் கீழக்கரை. கிழவன் சேதுபதியின் நண்பராக இருந்த வள்ளல் சீதக்காதியின் ஊர். ஷெய்க் அப்துல் காதிர் என்பது அவருடைய பெயர். உமறுப்புலவர் சீறாப்புராணம் பாடத் தொடங்கியதற்கு ஆதரவு தந்தவர் அவர்தான்; அது முடியுமுன் அவர் இறந்துவிட, அபுல் காசிம் மரைக்காயர் ஆதரித்தார். இந்த அளவு உறுதி. 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்ற சொல்லுக்குப் பின்னால் இருக்கும் கதையைப் பலர் பலவிதமாகச் சொல்வார்கள். அவர் மறைந்தபின் வந்த புலவருக்கு மோதிரம் கிடைத்ததாகச் சொல்வதை ஊர் எவ்வளவு நேசித்தது என்பதற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளுங்கள், ஆவணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இங்குள்ள பழைய கல்பள்ளிவாசல்களை உங்கள் மனைவி கட்டாயம் பார்க்க வேண்டும். கோயில் மண்டபத்தில் பார்க்கும் அதே கல்தூண், தூணின் தலையில் அதே போதிகை. உருவங்கள் மட்டும் இருக்காது, அவற்றின் இடத்தில் பூவும் கொடியும். கட்டியவர்கள் ஒரே மண்ணின் கல்தச்சர்கள் என்பது தூணைத் தொட்டாலே தெரியும். ஒரு பள்ளியை நபிகள் நாயகம் காலத்திலேயே கட்டியது என்று ஊரில் சொல்வார்கள். அரபு வணிகர்கள் அவ்வளவு பழங்காலத்தில் இங்கே வந்திருக்கக் கூடியதுதான். இன்று நிற்கும் கல்தூண்களின் பாணி பிற்காலத்தது. தொழுகை நேரம் தவிர்த்து, வாசலில் இருக்கும் பெரியவரிடம் கேட்டுவிட்டு, தலையை மூடிக்கொண்டு போகச் சொல்லுங்கள். பெண்கள் உள்ளே எதுவரை வரலாம் என்று அவர்களே சொல்வார்கள். நான் போனபோதெல்லாம் மரியாதையாகவே நடத்தினார்கள். திரும்பும்போது தொதல் வாங்காமல் வராதீர்கள். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் அரிசி மாவும் மணிக்கணக்கில் கிண்டிச் செய்வது.

கீழக்கரைக்குப் பக்கத்தில் பெரியபட்டினம். 1980-களில் தமிழ்ப் பல்கலைக்கழகம் தோண்டியபோது சீனப் பீங்கான் ஓடுகள் வந்தன, 13, 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அங்கே போனால் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை, சாதாரண ஊர். வைகை கடலில் சேரும் இடத்துக்கு அருகில் உள்ள அழகன்குளமும் அப்படித்தான்; ரோமானிய நாணயங்களும் தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்துள்ள ஓடுகளும் கிடைத்த மேடு அது. அந்த ஊர்களைக் கடக்கும்போது காரை ஒரு நிமிடம் நிறுத்தி, கடல் பக்கம் பார்த்தால் போதும். இந்தக் கரை ரோமையும் சீனத்தையும் பார்த்துக்கொண்டு இருந்தது.

இரவு ராமநாதபுரத்தில் தங்குங்கள். எல்லாரும் ராமேஸ்வரத்துக்கு ஓடிவிடுவதால் இங்கே கூட்டம் குறைவு. மறுநாள் காலை அரண்மனையில் ராமலிங்க விலாசம். இதற்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள், கடல் பிரியரான நீங்களும் உள்ளே வாருங்கள். சுவர் முழுக்க 18-ஆம் நூற்றாண்டு ஓவியங்கள். கிழவனுக்குப் பிறகு வந்த முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தவை. ராஜராஜேஸ்வரி அம்மன் அவருக்குச் செங்கோல் கொடுக்கிறாள். ஒரு சுவரில் தஞ்சை மராட்டியரோடு போர், பீரங்கி, குதிரை. இன்னொரு பக்கம் தொப்பி போட்ட ஐரோப்பியர்களை அரசர் சந்திக்கிறார். எத்தனையோ முறை பிள்ளைகளைக் கூட்டிப் போயிருக்கிறேன். அவர்கள் எப்போதும் கேட்பது ஒன்றுதான்: "டீச்சர், வெள்ளைக்காரன் ஏன் நிற்கிறான்?" அந்தக் கேள்வியிலிருந்தே ஒரு பாடம் முழுக்க நடத்திவிடலாம். சாயம் உதிர்கிற சுவர்கள் அவை. தயவுசெய்து தொடாதீர்கள், பிளாஷ் போடாதீர்கள்.

அன்று மீதி நேரத்தில் திருப்புல்லாணியோ உத்தரகோசமங்கையோ ஒன்றை மட்டும் பாருங்கள். திருமங்கையாழ்வார் பாடிய பெருமாள் புல்லாணியில், தர்ப்பைப்புல்லில் படுத்த ராமரும் அங்கேதான். மாணிக்கவாசகர் பாடிய தலம் மங்கை. அங்கே மரகத நடராஜர் வருடம் முழுக்கச் சந்தனக்காப்புக்குள் இருப்பார். காப்பைக் களைவது மார்கழித் திருவாதிரையை ஒட்டி மட்டும், அது நீங்கள் வருவதற்குள் முடிந்திருக்கும். இன்னொன்று, காலண்டரில் தை அமாவாசை எப்போது என்று இப்போதே பார்த்துவிடுங்கள். அன்றும் முதல் நாளும் ராமேஸ்வரம், சேதுக்கரை, தேவிபட்டினம் மூன்றிலும் தர்ப்பணம் கொடுக்க வரும் கூட்டத்தில் கார் நகராது. அந்தத் தேதி உங்கள் நாலு நாளுக்குள் வந்தால் பயணத்தை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள்.

மாலை பாம்பன். சாலைப் பாலம் 1988-இல் திறந்தது. அதன் நடுவில் காரை நிறுத்திப் படம் எடுப்பது எல்லாரும் செய்கிற தப்பு. பின்னால் பேருந்து வந்தால் ஒதுங்க இடமில்லை. பாம்பன் கரையில் வண்டியை விட்டுவிட்டு நடந்து வாருங்கள், காற்று உங்களைத் தள்ளும். கீழே 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலம்; 1914-இல் திறந்த பழையதில் இப்போது ரயில் ஓடுவதில்லை. பழையதில் நடுப்பகுதி இரண்டு கையாகப் பிரிந்து மேலே எழுந்தது. புதியதில் முழுத் துண்டும் அப்படியே செங்குத்தாக மேலே போகும். கப்பல் கடப்பதைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும், நேரம் சொல்ல முடியாது. பிறகு குந்துகால். 1897 ஜனவரி 26 அன்று விவேகானந்தர் மேலை நாடுகளிலிருந்து திரும்பிப் பாம்பனில் கரையேறினார், பாஸ்கர சேதுபதி வரவேற்றார். நினைவு மண்டபம் இருக்கிறது. உங்களுக்கு அங்கே தென்கடல் மீண்டும் கிடைக்கும். அந்தப் பக்கம் சின்னப்பாலத்துப் பெண்கள் கடலுக்குள் பாசி எடுக்கிறவர்கள். கரையில் காய்கிற பாசியைப் பார்த்தால் மிதித்துவிடாமல் சுற்றிப் போங்கள்.

மூன்றாம் நாள் விடியலில் தனுஷ்கோடி. அரிச்சல்முனை வரை தார்ச்சாலை 2017-இல்தான் வந்தது. அதற்கு முன்னே மணலில் ஓடும் வேன்தான், இல்லாவிட்டால் நடை. 90-களில் பிள்ளைகளோடு நடந்து போனபோது, கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு பெண் மணலைக் கையால் தோண்டி, சிரட்டையால் தண்ணீர் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு பையன் வாங்கிக் குடித்துவிட்டு, "இனிக்குது டீச்சர்" என்றான். மந்திரம் ஒன்றும் இல்லை. மழைநீர் மணலுக்குள் இறங்கும். உப்புத் தண்ணீரைவிட எடை குறைவானதால் அதன் மேலேயே மெல்லிய படலமாக நிற்கும். ஒரு முழம் தோண்டினால் நல்ல தண்ணீர்; பேராசைப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்பு மேலே வந்துவிடும். சிரட்டையால் மொள்வது வறுமையால் என்று நினைத்தேன். அந்த ஊற்றை அப்படித்தான் மொள்ள வேண்டும் என்று அந்தப் பெண் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

இடிந்த தேவாலயம், ரயில் நிலையத்தின் மிச்சம், தண்ணீர்த் தொட்டி எல்லாம் வழியில் இருக்கின்றன. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயில், நிலையத்தை எட்டுமுன் அலையில் போயிற்று. நூற்றுக்கு மேற்பட்டோர் என்பது நிச்சயம். துல்லியமான எண்ணிக்கையில் கணக்குகள் ஒத்துப்போவதில்லை, டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்களை எந்தப் பதிவேடும் சொல்லாது. அதற்கு முன்னே இந்த ஊரிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் போனது. சென்னையில் ரயிலேறியவர் இங்கே கப்பல் மாறி, அந்தப் பக்கம் மறுபடி ரயிலேறிக் கொழும்பு சேரலாம். தேவாலயத்தின் சுவரைக் கவனமாகப் பாருங்கள், பல கற்கள் பவளக்கல். முனையில் நின்றால் இடப்பக்கம் கலங்கிய பெண்கடலும் வலப்பக்கம் தெளிந்த ஆண்கடலும் ஒரே பார்வையில் தெரியும். நான் காற்றைப் பற்றிச் சொன்னது அங்கே புரியும். அங்கே குளிக்கவே கூடாது, நீரோட்டம் காலை இழுக்கும். தார்ச்சாலையை விட்டு மணலில் காரை இறக்காதீர்கள். எங்கள் ஸ்கூட்டரையே ஒருமுறை நாலு மீனவர்கள் தூக்கித்தான் வெளியே வைத்தார்கள். இருட்டுமுன் எல்லாரையும் வெளியேற்றிவிடுவார்கள், எனவே விடியலே நல்லது. வழியில் தேங்கிய நீரில் பூநாரைகள் இருந்தால் தூரத்திலேயே நின்று பாருங்கள்.

ராமேஸ்வரம் கோயிலுக்கு மாலையில் போங்கள், மதியம் நடை சாத்தியிருக்கும். 22 தீர்த்தம் பற்றி வீட்டில் சொன்னது உங்கள் விருப்பம். ஆடுவதானால் மாற்றுத்துணியோடு அதிகாலையில் போய், தனுஷ்கோடியை நாலாம் நாள் விடியலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே காலையில் திணித்தால் இரண்டும் கெடும். ஆடாவிட்டாலும் மூன்றாம் பிரகாரத்தில் ஒரு சுற்று நடக்காமல் வர வேண்டாம். 1212 தூண் என்பார்கள். எண்ணாதீர்கள், ஒரு மூலையில் நின்று நீளத்தைப் பாருங்கள். சேதுபதிகள் பல தலைமுறையாகக் கட்டி, 18-ஆம் நூற்றாண்டில் முத்துராமலிங்க சேதுபதி காலத்தில் முடித்தது அது.

கடைசி நாள் வடகரை. தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் ஒன்பது கல்லை ராமர் வைத்த நவக்கிரகம் என்பது நம்பிக்கை. வரலாற்று ஆசிரியையாக அதில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை, ஆனால் முழங்காலளவு நீரில் கும்பிட்டுக்கொண்டு நிற்கும் மனிதர்களைப் பார்க்கும்போது என் கையும் தானாகக் கூடும். காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறையும் ஊராரும் படகு விடுகிறார்கள். வாடை பலமாக இருந்தால் விட மாட்டார்கள், வற்புறுத்த வேண்டாம். பிறகு தொண்டி. சங்கப் பாடல்களில் வரும் தொண்டி என்று பெருமையாகப் பேசுவார்கள்; அந்தப் பாடல்களில் பெரும்பாலும் வருவது மேலைக் கடற்கரையில் இருந்த சேரர் தொண்டி. நம் தொண்டி சிலப்பதிகாரத்தில் வருகிறது: கப்பலில் வந்த அகிலும் துகிலும் சந்தனமும் கற்பூரமும் சுமந்து கொண்டல் காற்று மதுரைக்குள் நுழைகிறது. கொண்டல் என்றால் கீழ்க்காற்று, இந்தக் கடலிலிருந்து அடிப்பது.

தொண்டியிலிருந்து உள்ளே திரும்பினால் ஓரியூர். போர்த்துக்கீசியத் துறவி அருளானந்தர் 1693 பிப்ரவரி 4 அன்று வெட்டப்பட்ட இடம். சேதுபதியின் உறவுப் பெண்ணை மணந்திருந்த தடியத்தேவர் அருளானந்தரிடம் ஞானஸ்நானம் பெற்றுக் கிறிஸ்தவரானதும் ஒரே மனைவியோடு வாழ முடிவு செய்து மற்றவர்களை விலக்கினார். அரண்மனைக்கு முறையீடு போயிற்று. முடிவு செய்தவர் அதே கிழவன் சேதுபதி. கீழக்கரையில் சீதக்காதியைத் தோளில் கைபோட்டு வைத்துக்கொண்டவர், இங்கே ஒரு பாதிரியைக் கொல்லச் சொன்னார். மதவெறி என்று ஒரு சொல்லில் முடித்துவிட முடியாது; குடும்பமும் பாளையக்காரர்களின் அதிகாரப் போட்டியும் அதில் கலந்திருந்தன என்பது என் கருத்து, கருத்து மட்டுமே. அங்கே செம்மண்ணை அவருடைய குருதி தோய்ந்தது என்று எல்லா மதத்தவரும் எடுத்துப் போகிறார்கள். தேவாலயத்துக்குள் அமைதியாகக் கொஞ்ச நேரம் உட்காருங்கள். உங்கள் மனைவிக்கு அங்கே நேரம் தேவைப்படும். நீங்கள் வெளியே நின்று காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பாருங்கள்.

காரைப் பற்றி என் வீட்டுக்காரர் எழுதச் சொன்னது: இரவில் ஓட்டாதீர்கள், ஆடுமாடு தாரில் படுத்திருக்கும், கருவேலம் புதர் சாலையை மறைக்கும். பெட்ரோலோ டீசலோ பாதிக்குக் கீழே போகுமுன் போட்டுக்கொள்ளுங்கள். கோவை போனதும் முதல் வேலையாக வண்டியின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள், உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும்.